பஸ் நிறுத்தத்துப் பெரியம்மா

அன்று காலை ஆறு மணிக்கு மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் நான், என் பத்து மாத மகள், டீக்கடை மஞ்சுளாக்கா, எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். இருக்க வேண்டிய என் கணவர் மட்டும் இல்லை.

அவருக்கு நைட் ஷிப்டு, எனக்குக் காலை ஷிப்டு. அவர் வந்து இறங்கியதும் மகளை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் என் பஸ்ஸில் ஏறுவேன். அன்று அவர் பஸ் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை இல்லை என்று காண்டிராக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எட்டாவதோடு நின்றவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

“ஏம்மா, ஏறுறியா, கெளம்பட்டுமா?” என்றார் டிரைவர்.

மஞ்சுளாக்கா கை நீட்டினார். “கொடு இங்க. மூணு பெத்தவ நான், முழுங்கிட மாட்டேன்.”

எங்கள் ஊர் நாகரசம்பட்டியில் சொந்தக்காரர்களிடமே குழந்தையைத் தரத் தயங்குகிறவள் நான். ஆனாலும் கொடுத்துவிட்டு ஏறினேன். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்டு முடியும்வரை என்னென்னவோ நினைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

திரும்பி வந்து இறங்கியதும் கடைக்கு ஓடினேன்.

“உன் வீட்டுக்காரரு பஸ்ஸு பஞ்சராம். ஏழு மணிக்கே வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு. பாப்பாதான் பாலைக் குடிச்சுட்டு என்னை விட்டுப் போவமாட்டேன்னு ஒரே அழுவ!” என்று சிரித்தார் மஞ்சுளாக்கா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் குடித்த பாலுக்குப் பதினைந்து ரூபாய் நீட்டினேன்.

“பெரியம்மாகிட்ட யாராச்சும் காசு நீட்டுவாங்களா? உள்ள வையி.”

சொந்தமெல்லாம் ஊரிலேயே நின்றுவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அவர் கடையில்தான் நானும் கணவரும் மகளைக் கைமாற்றிக்கொள்கிறோம். அந்தப் பால் காசு பதினைந்து ரூபாய் இன்னும் பாக்கி.