ஃபில்டரில் என் கையெழுத்து

இரண்டு வாரமாகக் காரில் ஏசி போட்டால் பத்து நிமிடத்தில் குளிர் நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி தயங்கித் திணறுகிறது.

இன்று காலை மந்தாரக்குப்பத்தில், வழக்கமாக விடும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"கம்ப்ரசர் போச்சுங்கம்மா. இன்ஜினும் முடிஞ்சிகினு வருது. சாரும் இல்ல, தனியா இத வெச்சிகினு எதுக்குக் கஷ்டப்படறீங்க? நானே எடுத்துக்கறேன், விட்டுட்டுப் போங்க."

என் கணவர் போன பிறகு, அறுபது வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்ட கார் அது.

"ஏர் ஃபில்டரக் கழட்டுங்க தம்பி. ஏசி ஃபில்டரையும்."

"போன மாசம் சர்வீஸ்லதானம்மா ரெண்டும் புதுசு போட்டேன்!"

"பரவாயில்ல, கழட்டுங்க."

காத்திருந்த நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டிலும் எங்கள் ஊர்ச் சுரங்கத்து நிலக்கரித் தூசி அப்பிக் கிடந்தது. ஓரத்தைத் துடைக்கச் சொன்னேன். அங்கே என் பெயர், என் கையெழுத்தில்.

கான்வென்ட் விடுதியில் சோப்பு டப்பாவில்கூடப் பெயர் எழுதி வளர்ந்தவள் நான். போன சர்வீஸுக்கு விடும் முன்பே, பழைய ஃபில்டர்களில் எழுதிவைத்திருந்தேன்.

"உள்ள போய்ப் பேசலாங்கம்மா" என்றார் மெதுவாக.

"இங்கயே பேசலாம். என்ன எழுதியிருக்கு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க."

படித்தார்.

புது ஃபில்டர்களுடன், ஏசி போட்டுக்கொண்டே வீடு வந்தேன். ஒரு திணறலும் இல்லை.

பழைய இரண்டையும் வாங்கி வந்திருக்கிறேன். நாளை லேடீஸ் கிளப்பில் எல்லோரும் பார்க்கலாம். நம்மில் பாதிப் பேர் அவரிடம்தானே கார் விடுகிறோம்?

மார்க்கர் பேனாவும் கொண்டுவருகிறேன். யார் யாருக்கு வேண்டும், சொல்லுங்கள்.