என்னை மறுத்து நானே எழுதியது

அந்தமான் தீவுத் தமிழர்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருக்கிறது. மீன் விலை, கப்பல் டிக்கெட், காணாமல் போன பூனை, கோயில் கொடை எல்லாம் அதில் வரும். நான் அதில் சேர்ந்தது சண்டை போடுவதற்காக. எந்தக் கம்பெனி எந்த வேலையை எடுத்துப் பாதியில் விட்டது, அதில் எந்தத் தலைவருக்குப் பங்கு போனது என்று யாராவது ஒரு வரி எழுதினால் போதும், அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பதில் எழுத ஆரம்பித்துவிடுவேன். எங்கள் வீடு இருக்கும் மரைன் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வந்தவளுக்கு எங்கிருந்து இந்தத் தெம்பு வருகிறது என்று என் கணவர் கேட்பார். கேட்டுக்கொண்டே அவரே குக்கரை அடுப்பில் ஏற்றிவிடுவார்.

கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வருவதற்கு முன்னால் இப்படிச் சண்டை போடுவதே பெரும்பாடு. நான் அனுப்பிய பதில் போய்ச் சேர்வதற்குள் கடலுக்கு அக்கரையில், மெயின்லாண்டில் இருக்கும் எதிராளி சாப்பிட்டு, தூங்கி எழுந்து, கட்சியே மாறியிருப்பார். கேபிள் வந்த பிறகு எல்லாம் உடனுக்குடன். தீவிலேயே அதனால் அதிகம் பயனடைந்தவள் நான்தான் என்பது என் கணவரின் கருத்து.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். கடிதங்களுக்கு டிராஃப்ட் போடுவதுதான் வேலை. அரசு ஊழியர் அரசியல் பேசக் கூடாது என்பதால் குழுவில் என் பெயரும் கிடையாது, முகமும் கிடையாது. ஒரு செம்பருத்திப் பூவின் படம் மட்டும். எதிராளிகள் பலர் வந்தார்கள், போனார்கள். நிலைத்து நின்றவர் ஒருவர்தான். தென்னை ஏறித் தேங்காயை உடைத்துத் தின்னும் பெரிய நண்டு ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அவர் அதன் படத்தை வைத்திருந்தார். நான் எந்தக் கம்பெனியைக் குறை சொன்னாலும் நண்டு வந்துவிடும். வரிக்கு வரி எழுத்துப்பிழை, வரிக்கு வரி ஆச்சரியக்குறி. மெயின்லாண்டில் ஏதோ ஓர் ஏசி அறையில் உட்கார்ந்து கூலிக்கு எழுதும் பொடியன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த மழைக்காலம் முடிந்த சமயம் லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பே ஊரில் போட்ட சோலார் தெருவிளக்குகள் பற்றிப் பேச்சு எழுந்தது. மெயின்லாண்ட் கம்பெனி ஒன்று விளக்குகளைப் போட்டது. தலைவர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். ஒரு மழைக்காலத்தில் பாதி அணைந்துவிட்டது. சாய்ந்து நின்ற ஒரு கம்பத்தையும், அதன் மேல் மைனா கட்டியிருந்த கூட்டையும் யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தை எடுத்துப் பகிர்ந்து நான் நீளமாக எழுதினேன். ஹட் பே முழுவதும் இருட்டில் கிடக்கிறது, கம்பெனி மட்டமான சாமானைப் போட்டுவிட்டு ஓடிவிட்டது என்று. ஹட் பேயில் நான் கால் வைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதை எழுதவில்லை.

மறுநாள் காலை ஹட் பேவுக்கே கப்பல் ஏறினேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழியின் மகளுக்கு அங்கே கல்யாணம். மேல் தளத்துப் பெஞ்சில் காற்றுக்காக உட்கார்ந்தேன். பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடியில் துணிப்பை, கையில் போன். கண்ணாடியைக் கொண்டுவர மறந்துவிட்டார் போலும். எழுத்தைக் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக்கி, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் போனைப் பார்ப்பது தப்புதான். ஆனால் அந்த எழுத்து தூரத்தில் தெரிந்த ரட்லண்ட் தீவில் நிற்பவருக்கும் தெரிந்திருக்கும்.

திரையில் இருந்தது என் செம்பருத்தி. அதன் கீழே என் பதிவு. அதற்கும் கீழே, பதில் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், நண்டு.

பெஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடல் அன்று அமைதியாகத்தான் இருந்தது. அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி, கடைசியில் அனுப்பும் அம்பை அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“போச்சு! சிக்னல் போச்சு!” என்று தொடையில் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தமிழா நீங்க?”

“ஆமாண்ணே.”

“பாருங்க தங்கச்சி, இங்க ஒருத்தன் செம்பருத்திப் பூவ வச்சுக்கிட்டு எங்க ஊரப் பத்தி ஜூட்டா, பொய் பொய்யா எழுதிக்கிட்டுக் கெடக்கான். எவனோ ரிட்டையரான ஆளு. வீட்ல பொண்டாட்டி மதிக்கிறதில்ல போல, இங்க வந்து கத்துறான்.”

நான் கடலைப் பார்த்தேன். “அப்படி என்ன எழுதியிருக்கார்?” என்று கேட்டேன்.

என் பதிவை எனக்கே வாசித்துக் காட்டினார். அடுத்தவர் குரலில் கேட்கும்போது, நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. பிறகு தன் பதிலை வாசித்தார். அது “அடேய்” என்று தொடங்கியது. என் பிறப்பைச் சந்தேகித்தது. எங்கள் தெருவில் விளக்கு எரிகிறது, வந்து பார், என்று முடிந்தது.

இத்தனை வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா. “அண்ணே, இந்த ‘அடேய’ எடுத்துடுங்க. அதப் பாத்தாலே மேல படிக்க மாட்டாங்க. கடைசி வரிதான் நல்லா இருக்கு, அத மேல கொண்டுவாங்க” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க ஆபீஸ்ல இருக்கீகளா?”

“டிராஃப்டிங்தான் என் வேலை.”

“அப்ப நீங்களே எழுதிக் குடுத்துருங்க” என்று போனை என் கையில் வைத்துவிட்டு, கேன்டீனில் இரண்டு டீ வாங்கிவரப் போய்விட்டார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அதோடு, என் பதிவுக்கு ஒரு நல்ல மறுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது.

அவர் ஹட் பே பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். டீயைக் குடித்துக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன்.

“ஊர் முழுக்க இருட்டுன்னு எழுதிருக்கான். பஜார்ல எரியுது, ஆஸ்பத்திரி ரோட்டுல எரியுது. எழுதுங்க.”

எழுதினேன். “எல்லா இடத்துலயும் எரியுதாண்ணே?”

“பாலத்துக்கு அங்கிட்டு எரியல” என்றார். “ஆனா அது கம்பெனி தப்பில்ல. பராமரிப்புக் காண்ட்ராக்ட வாங்குனது தலைவரோட மச்சான். அந்தாளு ஒரு நாள் ஏணி கொண்டுவந்து பாத்ததில்ல. செம்பருத்திக்கு அது மட்டும் கண்ணுல படாது. ஏன்னு சொல்லுங்க? அந்தத் தலைவரோட ஆளா இருப்பான்.”

சுருக்கென்றது. அந்தத் தலைவருக்குத்தான் நான் ஓட்டுப் போட்டிருந்தேன். என் பதிவில் கம்பெனியைக் கிழித்திருந்தேனே தவிர, ரிப்பன் வெட்டியவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை அதுவரை நானே கவனித்திருக்கவில்லை.

விட மனம் வரவில்லை. “சரிண்ணே, கம்பெனிக்கு நீங்க ஏன் இவ்வளவு பரிஞ்சு பேசுறீங்க? சாமான் சரியில்லன்னா அவங்கதானே மாத்தித் தரணும்? அந்தப் பொறுப்ப மச்சான் கையில குடுத்துட்டு அவங்க ஒதுங்கிக்கிட்டது மட்டும் நியாயமா?”

அவர் டீ டம்ளரைக் கையில் ஒரு சுற்று சுற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எம் மருமகன் அந்தக் கம்பெனியில சூப்பர்வைசர். மக எல்லாக் கமெண்டையும் உக்காந்து படிக்கிறா. நான் பேசாம இருந்தா வீட்ல நல்லாவா இருக்கும்?” என்றார்.

இருவரும் சிரித்துவிட்டோம். இத்தனை மாதங்களாக ஆளுக்கொரு திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொருவரை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்திருக்கிறோம். எனக்கு அது தெரிந்துவிட்டது. அவருக்குப் பாதிதான் தெரியும்.

கம்பெனியையும் கேள்வி கேட்டு ஒரு வரி சேர்த்தால்தான் மறுப்பை நம்புவார்கள் என்று நான் சொன்னேன். அந்த வரி வேண்டவே வேண்டாம் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். குரல் உயர்ந்துவிட்டது. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து மூரி என்கிற அரிசிப்பொரியைத் தின்றுகொண்டிருந்த ஒரு பெங்காலி அம்மாள் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். ஹட் பேயில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை என்று பின்னால் தெரிந்தது. என்ன சண்டை என்று ஹிந்தியில் கேட்டார். சொன்னோம்.

“எரியுதா இல்லையா என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள்” என்றார் அவர். “எங்கள் பள்ளிக்கூடப் பக்கம் கம்பா ஹி நஹீ ஆயா. கம்பமே வரவில்லை! நாங்கள் யாரோடு சண்டை போடுவது?”

நானும் நண்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது எங்கள் இரண்டு பேர் பட்டியலிலும் இல்லை. நண்டுக்காரர் பெருமூச்சு விட்டு, “சரி, கம்பெனி வரியையும் போடுங்க. கம்பமே வரலன்னா நான் எங்கிட்டுப் போயி வக்காலத்து வாங்குறது?” என்றார். தலைமையாசிரியை எங்களுக்கும் மூரி கொடுத்தார். அப்புறம் பயணம் போனதே தெரியவில்லை. பறக்கும் மீன்கள் துள்ளியதைக்கூட நாங்கள் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தோம்.

ஹட் பே ஜெட்டி கண்ணில் பட்டதும் சிக்னல் வந்தது. எல்லோரும் மூட்டை முடிச்சைத் தூக்க, அவர் மட்டும் நின்று, என் டிராஃப்டை இன்னொரு முறை ரசித்து வாசித்து, அம்பை அழுத்தினார்.

என் கைப்பைக்குள் ‘டிங்’ என்றது.

“உங்களுக்கும் சிக்னல் வந்துருச்சு” என்றார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “இருங்க, ‘நன்றி’ன்னு ஒண்ணு போட்டுருவோம். மரியாதையா இருக்கும்ல” என்று இன்னொன்று அனுப்பினார். டிங்.

அவர் என் பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே ஓர் ஆச்சரியக்குறியை மட்டும் அனுப்பினார். டிங்.

“அரே பாப்ரே!” என்றார். “செம்பருத்தி!”

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கப்பலின் சுவரில் சாய்ந்தார். “நான் உங்களப் போயி அடேய்னு... ரிட்டையரான ஆளுன்னு...”

“அடேய நானே எடுத்துட்டேண்ணே. நானும் உங்கள மெயின்லாண்ட் பொடியன்னுதான் நெனச்சேன்.”

அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பொடியனா? வீட்ல எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்க தங்கச்சி, அவ நம்ப மாட்டா.”

தன் ஸ்கூட்டரிலேயே கல்யாண வீட்டுக்குக் கொண்டுவிட்டார். வழியில் பொழுது சாய, பஜாரில் விளக்குகள் எரியத் தொடங்கின. “பாத்தீகளா?” என்றார். பாலத்தைத் தாண்டியதும் ஸ்கூட்டர் வெளிச்சம் மட்டும்தான். “பாத்தீங்களா?” என்றேன் நான்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, நான், அவர், தலைமையாசிரியை மூவருமாக அந்தப் பள்ளிக்கூடப் பக்கம் போனோம். வராத கம்பத்தை எப்படிப் படம் எடுப்பது என்பதுதான் பிரச்சினை. வெறும் புல்லையும் வேலியையும் எடுத்தால் யார் நம்புவார்கள்? கடைசியில் கம்பம் இருக்க வேண்டிய இடத்தில் நண்டுக்காரரையே முதுகு காட்டி நிற்கவைத்து, தலைக்கு மேல் ஒரு டார்ச் லைட்டைப் பிடிக்கச் சொல்லி எடுத்தோம். பள்ளிப் பிள்ளைகள் வேலிக்கு அப்பால் நின்று கைதட்டினார்கள். கம்பெனி, தலைவர், மச்சான் மூவரையும் கேள்வி கேட்டு, நண்டும் செம்பருத்தியும் சேர்ந்து எழுதிய முதல் பதிவு அதுதான். தலைவரைப் பற்றிய வரியை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது. “எழுதுங்க, எழுதுங்க, நான் எம் மருமகனையே பகைச்சிருக்கேன்” என்று அவர் பக்கத்தில் நின்று விரட்டினார்.

மருமகன் சில நாள் மாமனாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு அவரே அந்தப் படத்தைத் தன் மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார். தலைவரின் மச்சான் குழுவுக்குள் வந்து நீண்ட விளக்கம் எழுதினார். அதற்கு நாங்கள் இருவரும் இரண்டு பக்கமிருந்தும் பதில் கொடுத்ததில், ஒரு நாள் ஏணியோடு ஆட்கள் வந்து பாலத்துக்கு அப்பால் இருந்த விளக்குகளைச் சரி செய்தார்கள். பள்ளிக்கூடப் பக்கம் கம்பங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. இன்னும் நட்டபாடில்லை. அதைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சண்டை நின்றுவிட்டதா என்றால் இல்லை. வராத கம்பங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எனக்கும் அவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஒரே வித்தியாசம், பதிலை முதலில் எனக்குத் தனியாக அனுப்புகிறார். “தங்கச்சி, ஒங்கள நல்லாத் திட்டி எழுதிருக்கேன், கொஞ்சம் சரி பாத்து அனுப்புங்க” என்பார். நான் பிழை திருத்தி, இரண்டு இடத்தில் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்து அனுப்புவேன். அவர் போடுவார். அதன் பிறகு நான் பதிலுக்குப் பாய்வேன். குழுவில் இருப்பவர்கள் எங்களைப் பரம விரோதிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தலைமையாசிரியையும் இப்போது குழுவில் சேர்ந்துவிட்டார். தமிழ்க் குழுவில் பக்கம் பக்கமாக ஹிந்தியில் எழுதுகிறார். யாரும் தடுப்பதில்லை. நேற்று கப்பல் டிக்கெட் விஷயத்தில் எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்திருந்தார். எங்கிருந்து ஆரம்பித்துப் பதில் சொல்வது என்று நண்டு எனக்கு போன் செய்து கேட்டார். எனக்கும் தெரியவில்லை. குக்கரை இறக்கிக்கொண்டிருந்த என் கணவர், அந்த அம்மாள் சொல்வது சரிதானே என்றார்.