உதிர்ந்து கிடந்த உண்ணிகள்

நான் கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்த முதல் வருடம், போகிப் பண்டிகையன்று காலை. பெரம்பலூர் மாவட்டத்தில், வாலிகண்டபுரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூரிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவர். வண்டியில் இடப்பக்கம் பூட்டும் மாட்டுக்கு வாயில் தண்ணீராக ஊற்றுகிறது, நிற்கவே தள்ளாடுகிறது என்றார்.

பையில் என்னென்ன மருந்து இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஸ்கூட்டரை எடுப்பேன். அன்றும் அப்படியே செய்துவிட்டுக் கிளம்பினேன்.

மாடு கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தது. எச்சில் கயிறாகத் தொங்கியது. தொடைச் சதை ஓயாமல் துடித்தது. கழிச்சல் வேறு. எல்லாவற்றையும் விட, மூச்சை இழுத்து இழுத்து விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும் நேரம். அவரிடம் இருந்ததோ அந்த ஒரு ஜோடிதான். ஒன்று போனால் மற்றதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். என்ன தின்றது, எங்கே மேய்ந்தது, எங்கே தண்ணீர் குடித்தது, மாட்டுக்கு விஷமாகிவிடும் இளஞ்சோளத் தட்டையில் வாய் வைத்ததா? வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை என்றே பதில் வந்தது. விடிகாலையில் வலத்து மாட்டை லாடம் கட்ட ஓட்டிப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால் இது இப்படி நிற்கிறதாம். சுற்றி நின்றவர்களில் ஒருவர் பாம்பு என்றார், இன்னொருவர் கண்ணேறு என்றார். வண்டிக்காரரின் மனைவி மட்டும் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாட்டின் கண்மணி நன்றாகச் சுருங்கியிருந்தது. ஏதோ விஷம் என்று தோன்றியது. ஆனால் எப்படி உள்ளே போனது? யோசித்தபடி குனிந்தபோதுதான் தரையைக் கவனித்தேன். ஆமணக்கு விதையைக் கொட்டியதுபோல் உண்ணிகள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. வலத்து மாட்டின் காது மடலைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே உண்ணிகள் உயிரோடு அப்பிக்கொண்டிருந்தன.

தண்ணீரும் சோப்பும் வேண்டும் என்று வண்டிக்காரரை அனுப்பிவிட்டு, அவர் மனைவியிடம் போய், "அக்கா, உண்ணிக்கு என்ன போட்டீங்க? பேரு தெரிஞ்சா உடனே ஊசி போட்டுடலாம்" என்றேன்.

கணவர் போன திசையை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். "பருத்திக்கு அடிச்ச மருந்து மிச்சம் இருந்துச்சுங்க. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மாலை போட்டுப் படைக்கிற நேரத்துல இப்பிடி சொறிஞ்சிகிட்டு நிக்கிதேன்னு, துணியில நனைச்சு தேச்சு விட்டேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க."

வண்டிக்காரர் குடத்தோடு எங்கள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

தவிட்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து பாட்டில் வந்தது. லேபிளைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. முறிவு மருந்தான அட்ரோபினை உடனே போட்டேன். கையிலிருந்தது மாட்டின் எடைக்குப் போதாது. அடுத்த ஊர் கால்நடை மருந்தகத்து டாக்டருக்குப் போன் செய்தேன், எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றார். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, இனி வீட்டில் சண்டைதான் என்று நினைத்தேன். வண்டிக்காரர் குடத்தை இறக்கி வைத்தார்.

"அவ கையையும் பாருங்க டாக்டரம்மா. வெறுங்கையாலதான் தேச்சிருப்பா."

எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பயத்தால் என்றே நினைத்திருந்தேன். உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, புடவையை மாற்றச் சொன்னேன். தலை சுற்றுகிறது என்றார். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். வண்டிக்காரர் ஒரு தடவை மாட்டைப் பார்த்தார். "நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, மாட்டைச் சோப்புத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். மீதி மருந்தும் வந்து சேர்ந்தது. மதியத்துக்கு மேல் எச்சில் நின்றது. மூச்சு சீரானது. கணவனும் மனைவியும் திரும்பி வந்தபோது மாடு ஒரு வாய் வைக்கோலை இழுத்து மென்றுகொண்டிருந்தது. அந்த அக்காவுக்கும் ஊசி போட்டு, சில மணி நேரம் படுக்கவைத்து, பயமில்லை என்று அனுப்பியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. "அண்ணி, எங்க வூட்டு மாட்டுக்கும் கொஞ்சம் தேச்சு விடுறீங்களா? உண்ணி ஒன்னுகூட மிச்சமில்லயே" என்றார். அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

பொங்கல் முடிந்ததும் அந்தத் தெருவே மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து உண்ணிக்கான ஊசி போட்டுக்கொண்டது. கொட்டகைச் சுவரின் விரிசல்களில் ஒளிந்திருக்கும் உண்ணிகளை எப்படி ஒழிப்பது என்றும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

என் கேள்விகளின் வரிசையும் மாறிவிட்டது. மேலே என்ன தடவினீர்கள் என்பதைத்தான் இப்போது முதலில் கேட்கிறேன், சாப்பிட்டீர்களா என்று கேட்கும் அதே குரலில். மாட்டைப் பார்த்து முடித்ததும், அதன் கயிற்றைப் பிடித்திருக்கும் கையையும் ஒரு முறை பார்க்காமல் நான் ஸ்கூட்டரை எடுப்பதில்லை.