மிரியம் வீட்டில் எடுத்து வைத்த மாவு

சென்ற மாதம் கோவையில் என் தங்கை வித்யாவுக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டார்கள். விசா ஸ்டாம்பிங் சிக்கலால் நான் ஊருக்குப் போக வழியில்லை. இங்கே கேட்டி என்ற ஊரில் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்த என்னை, கூட வேலை பார்க்கும் யூதத் தோழி மிரியம் வெள்ளிக்கிழமை தன் வீட்டுக்கு, அவர்கள் ஓய்வுநாளுக்குச் செய்யும் ஹாலா என்ற பின்னல் ரொட்டி சுட வரச் சொன்னாள். ஏதோ சமையல் வகுப்பு என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

காலை 9.10க்குப் புறப்பட்டேன். வெஸ்ட்பார்க் டோல்வேயில் வந்து ஹில்கிராஃப்டில் இறங்கி, தெற்கே அவள் வீடு இருக்கும் மெயர்லாண்ட். 28 மைல், ஐம்பது நிமிடம், டோல் சுமார் நான்கு டாலர். ஹில்கிராஃப்டின் இந்தியக் கடைகளில் மைசூர்பாகு வாங்கக் கை துறுதுறுத்தது. ஆனால் யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் சமையலறைக்குள் வெளியில் செய்த பண்டம் வரக்கூடாது என்று மிரியம் முன்பே சொல்லியிருந்தாள். பன்னிரண்டு டாலருக்கு ஆறு மாதுளம்பழம் வாங்கிக்கொண்டேன்.

ஐந்து பவுண்டு மாவை முட்டை, எண்ணெய், ஈஸ்ட் சேர்த்து இருவரும் பிசைந்தோம். தோள்பட்டை கழன்றுவிட்டது. மாவு பொங்கியதும் மிரியம் எலுமிச்சை அளவு கிள்ளி எடுத்து, கண்ணை மூடி ஹீப்ருவில் ஏதோ சொன்னாள். பிறகு, "உன் தங்கை பேரென்ன? அம்மா பேர்?" என்று கேட்டாள். நோயாளிக்காக வேண்டிக்கொள்ளும்போது அம்மா பேரோடுதான் சொல்வார்களாம். சொன்னேன். அவளும் அந்தப் பேர்களைச் சொல்லிவிட்டு, உருண்டையை மேடைமேல் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. அவள் போனாள். சப்பாத்தி மாவில் துணுக்கு மிஞ்சினால் நாம் என்ன செய்வோம்? அதையேதான் செய்தேன். உருண்டையைப் பெரிய மாவோடு சேர்த்து அழுத்திப் பிசைந்து, மேடையையும் துடைத்து வைத்தேன்.

திரும்பி வந்தவள் முகம் வெளுத்தது. அந்தத் துண்டுதான் ஹாலாவாம். ரொட்டிக்கே அதனால்தான் அந்தப் பேர். முற்காலத்தில் அவர்களுடைய பெரிய கோயிலின் குருமாருக்குக் கொடுத்தது. அந்தக் கோயில் இடிந்துபோனதால் இப்போது எரித்துவிடுகிறார்கள். "கை வலிக்கப் பிசைஞ்சாலும் முழுசும் நம்மது இல்லைன்னு தெரியணும், அதுக்குத்தான்," என்றாள் மிரியம். மாவு போனால் போகட்டும். வித்யா பேர் சொன்ன துண்டை அல்லவா அழித்துவிட்டேன்! அங்கேயே அழுதேன்.

மிரியம் என்னைத் திட்டவில்லை. அவர்கள் மதகுருவான ரபைக்குப் போன் போட்டாள். செய்த சபதத்தை மூவர் முன் விலக்கிக்கொள்வதுபோல இதற்கும் வழி இருந்தது. அவள் கணவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் வந்து நின்றார்கள். எடுத்து வைத்ததற்கு வருந்துகிறேன் என்று அவர்கள் முன் அவள் சொல்ல, அது விடுவிக்கப்பட்டது என்று மூவரும் மும்முறை சொன்னார்கள். பத்து நிமிடத்தில் மாவு பழையபடி வெறும் மாவாகிவிட்டது. அவள் மறுபடி கிள்ளி எடுத்து வேண்டிக்கொண்டு, "இந்தத் தடவை நீயே சொல்லு," என்றாள்.

"வித்யா, சரஸ்வதியின் மகள்," என்றேன். அர்ச்சனைப் பழக்கத்தில் பூச நட்சத்திரம் என்றும் வாய் சொல்லிவிட்டது. அம்மா போய் மூன்று வருடம். அவள் பேரை நான் சத்தமாகச் சொன்னது அன்றுதான். வித்யாவைப் பெற்ற வயிறுதான் என்னையும் பெற்றது என்பது அப்படியே நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

போகிறவர்கள் கவனிக்க: காலையிலேயே போங்கள், சூரியன் மறைவதற்குள் அவர்கள் எல்லாச் சமையலையும் முடிக்க வேண்டும். பழமோ பூவோ போதும். கேட்காமல் எதையும் தொடாதீர்கள். பின்னல் போடத் தெரிந்தால் நல்லது, ரொட்டிக்கு அதுதான் வேலை.

திங்கட்கிழமை முடிவு வந்தது. புற்றுதான், ஆரம்பக் கட்டம். நடந்ததை எல்லாம் வித்யாவிடம் போனில் சொன்னேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மறுபடி போய் என் பேரையும் அம்மா பேரையும் சொல்லிடு. கையை மட்டும் பின்னாடி கட்டிக்கோ."