தலைக்கு மேலே போகும் கரண்ட்

மின்சாரக் கம்பெனியில் கம்பத்தில் ஏறுகிறவருக்குக் கையுறை கொடுப்பார்கள். மக்களிடம் போய்ப் பேசுகிறவருக்கு ஒரு புன்னகையை மட்டும் மாட்டி அனுப்பிவிடுவார்கள். ஷாக் என்னவோ இரண்டு பேருக்கும்தான். மக்கள் தொடர்பு, வாடிக்கையாளர் சேவை, குறைதீர்ப்பு என்று எந்தப் பெயரில் நீங்கள் வதைபட்டுக்கொண்டிருந்தாலும் சரி, சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நமக்கு மேலிருந்தும் ஓர் இடி உண்டு.

பதவி வந்த கதை

நான் இருப்பது ஒரு தனியார் கம்பெனி. பெயர் வேண்டாம், இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். பள்ளிப்பட்டுப் பக்கம் வெயிலில் எடுக்கும் மின்சாரத்தை டவர் டவராகத் தாண்டவைத்துத் திருவாலங்காட்டுப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் தொழில். ஆபீஸ் திருத்தணி மலையடிவாரத்தில். நான் நிலப் பிரிவில் இருந்தேன், அதாவது கரும்பு விவசாயிகளிடம் திட்டு வாங்கும் பிரிவில். ஒரு நாள் பெரிய சார் கூப்பிட்டு, "உங்களைப் பழங்குடி மக்கள் நல்லுறவுத் தலைவராகப் போட்டிருக்கோம்மா" என்றார். கடன் கொடுக்கிற வெளிநாட்டு வங்கி, அப்படி ஒரு பதவி இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டதாம். தலைவர் என்றால் கீழே யாராவது இருக்க வேண்டும் அல்லவா? எனக்குக் கீழே இருந்தது ஒரு சுழல் நாற்காலி. அதுவும் ஒரு பக்கம் சாயும்.

மணவூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் ஏரிக்கரையில் ஓர் இருளர் குடியிருப்பு. எங்கள் டவர் ஒன்று சரியாக அங்கேதான் கால் ஊன்ற வேண்டும். அவர்கள் சம்மதித்தால்தான் வங்கி பணம் தரும். குடியிருப்புக்குப் பெரியவள் தேசம்மா. என் வயதுதான் இருக்கும், கரும்பு வெட்டப் போகிறவள். நாட்டு முன்னேற்றம், தூய்மையான மின்சாரம் என்று நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரண்டு எங்க வூட்டுக்கு வருதுங்களா?" என்றாள். இல்லை, தலைக்கு மேலே போகும் என்றேன். அங்கே ஒரு வீட்டிலும் விளக்கு கிடையாது. போன முறை அவள் மகள் மல்லிகாவுக்கு வலி எடுத்தபோது, வரவழைத்த ஆம்புலன்ஸ் இருட்டில் திருப்பம் தெரியாமல் ரோட்டோடு போய்விட்டதாம். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பிள்ளை பிறந்தது. இப்போது மல்லிகா மறுபடி முழுகாமல் இருந்தாள். தேசம்மா டவர் வரப்போகும் இடத்தைப் பார்த்தாள், மகளின் வயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு வூட்டுக் கல்யாணத்துக்கோ எங்க வாசல்ல பந்தக்கால் நடச் சொல்றீங்க. சாப்பாடாவது எங்களுக்கு உண்டுங்களா?"

பாம்பும் ஷேர் ஆட்டோவும்

வீட்டுக்கு வீடு கரண்ட் கொடுப்பது எங்கள் தொழில் இல்லை, அது வேறு அலுவலகம் என்று மேலிடம் கையை விரித்துவிட்டது. அந்தப் பதிலை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு சாயும் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, எங்கள் இன்ஜினியர் பிரவீண் மேஜை மேல் நின்றபடி கத்தினான். நல்ல படிப்பு படித்த பையன், சென்னையில் வளர்ந்தவன். கேபிள் அறையில் பாம்பு. "மேடம், உங்க ஆளுங்களை வரச் சொல்லுங்க!" என்றான். என் ஆட்கள் என்றால் யார் என்று எனக்கும் புரிந்தது. யோசிக்காமல் தேசம்மாவின் தம்பி கன்னியப்பனுக்குப் போன் போட்டேன். ரயில் நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். "அவசரம், உடனே வா" என்று மட்டும் சொன்னேன்.

பாவம், சவாரியை இறக்கிவிட்டு ஓடி வந்தான். கேபிள் அறைக் கதவைத் திறந்தான், பார்த்தான். அடுத்த விநாடி பிரவீணுக்குப் பக்கத்தில் மேஜை மேல் நின்றான். அதற்கடுத்த விநாடி நானும் அங்கேதான் இருந்தேன். எங்கள் மூவரின் கூச்சல் தாங்காமல் பாம்பு தானாகவே வெளியே போய்விட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே பிரவீண், "என்னங்க, நீங்க இருளர்தானே?" என்றான். கன்னியப்பன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"ஆங், இருளருதான். பாம்பு பிடிக்கிறது எங்க பெரியப்பா. நீங்க கரண்டு கம்பெனிதானே சார், எங்க, அந்தக் கம்பத்துல ஏறிக் காட்டுங்க பார்ப்போம்!"

ஆள் இல்லாத ஊர்

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தலைமை அலுவலகம் ஒரு தேதி வைத்தது. அந்தத் தேதியில் எனக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பிரவீண் போனான். மத்தியானமே திரும்பிவிட்டான், முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "மேடம், பிரச்சினையே இல்லை. அங்கே ஒரு ஜீவன் கிடையாது. நாலு கோழிதான் மேயுது. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க." வசிப்பவர் எவரும் இல்லாத இடம் என்று எழுதி, மேலே அனுப்பவும் தயாராகிவிட்டான். அது மட்டும் மேலே போனால், அந்த ஊரே இல்லை என்று ஆகிவிடும். இல்லாத ஊருக்கு விளக்கு எதற்கு? நல்லுறவுத் தலைவர்தான் எதற்கு?

காலண்டரைப் பார்த்தேன். மாசி மகம். இருளர் சனம் எங்கே இருந்தாலும் அன்றைக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடும். அவர்கள் சாமி கன்னியம்மா, கடலில் இருக்கிறாள். மணலில் படுத்து, விடியலில் பூஜை போட்டு, பெண் பார்த்து, கல்யாணம் பேசி முடித்துத்தான் திரும்புவார்கள். எங்கள் தலைமை அலுவலகம் வருஷத்திலேயே பொறுக்கி எடுத்து அந்த நாளை வைத்திருக்கிறது! பிரவீணிடம் சண்டை போட்டு அந்தத் தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கடலிலிருந்து திரும்பிய தேசம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஆடிக் கிருத்திகைக்குக் காவடி பார்க்க நீங்க எல்லாரும் ஆபீசைப் பூட்டிகினு போறீங்களே. அப்ப அதுவும் ஆள் இல்லாத எடம்தானுங்களே? நாங்க வந்து குடிசை போட்டுக்கினா ஒத்துக்குவீங்களா?"

வரவேற்பு உடை

அடுத்த கூட்டத்துக்குப் பெரிய சாரே வருவதாக முடிவானது. சாயங்காலம் வரட்டும், அப்போதுதான் கரும்பு வெட்டப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள் என்று தேசம்மா நேரம் குறித்தாள். இதற்குள் தலைமை அலுவலகத்தில் யாருக்கோ கலை தாகம் எடுத்துவிட்டது. வருகிறவரைப் பழங்குடி மக்கள் 'பாரம்பரிய உடையில்' நடனமாடி வரவேற்க வேண்டும், போட்டோ எடுத்து வங்கிக்கு அனுப்ப வேண்டும். பாரம்பரிய உடை என்றால் என்ன என்று கேட்டேன். இலை தழை என்று பதில் வந்தது. இப்படிப்பட்ட செய்தியைக் கொண்டுபோய்ச் சொல்கிற வேலைக்குத்தான் தலைவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போட்டோக்காரர் நேராக வந்து கேட்டுவைத்தால் என் மானம் போய்விடும். நைலக்ஸ் புடவையில் பம்பரமாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தேசம்மாவிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மல்லிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. துலக்கிய குண்டானைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆங், கட்டிகிறோம்னு சொல்லுங்க. உங்க பெரிய சாரு அவங்க தாத்தன் கட்டிகினு இருந்த கோமணத்தோட வரட்டும். நாங்க எங்க தாத்தன் கட்டினதைக் கட்டிகிறோம்."

கன்னியம்மாவிடம் உத்தரவு

பெரிய சார் பேன்ட் சட்டையில்தான் வந்தார். பெண்கள் மாசி மகத்துக்கு எடுத்த புதுப் புடவையில் இருந்தார்கள். அவர் வந்து சேரும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. ரோட்டில் திருப்பத்தைத் தவறவிட்டு வெகுதூரம் போய் வந்தாராம். எனக்கு உள்ளுக்குள் பரம திருப்தி. "டவருக்கு இடம் தருகிறீர்களா?" என்று கேட்டார். எங்கள் இஷ்டம் மட்டும் போதாது, கன்னியம்மாவிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்றான் கன்னியப்பன். வேப்பமரத்தடியில் கன்னியம்மாவுக்கு வரிசையாக ஏழு கல், மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். பெரிய சாரைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மலைக்கு நேர்ந்துகொண்டு படிக்குப் படி சூடம் ஏற்றுகிற மனிதர். சொல்லாமலே ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

உடுக்கை ஒலித்தது. தேசம்மா மேல் சாமி வந்தது. கூந்தல் அவிழ்ந்து, குரல் மாறி, "யாருடா வந்திருக்கிறது?" என்றது. பெரிய சார் தம் பெயர், ஊர், கோத்திரம் எல்லாம் சொன்னார். பதவியை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. எதிரில் நிற்பது யார் என்றே தெரியவில்லை. "தாயே, டவர் வைக்க உத்தரவு கொடுக்கணும்" என்றார். பிரவீண் செல்போன் டார்ச்சை அடிக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்து அமுக்கினேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். சாமி வேப்பிலையை ஓங்கி உதறியது.

"உத்தரவு கேக்க வந்தவன் மூஞ்சியே எனக்குத் தெரியல. என் புள்ளைங்க வூட்டுல வெளக்கைப் போட்டுட்டு வந்து கேளுடா!"

இணைப்பு

எங்கள் தொழில் இல்லை என்று சொன்ன கம்பெனி மறுநாளிலிருந்து வேறு தொழிலே பார்க்கவில்லை. பெரிய சாரே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பட்டா இல்லாத வீட்டுக்கும் இணைப்பு வாங்க ஒரு வழி இருக்கத்தான் செய்கிறதாம். இத்தனை காலம் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு மீட்டர் வந்தது. ரோட்டுத் திருப்பத்தில் ஒரு தெருவிளக்கும் வந்தது. அதற்கப்புறம் கன்னியம்மா உத்தரவு கொடுத்தாள், வேப்பமரத்தைத் தொடாமல் டவரைத் தள்ளி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிரவீண் மறுபேச்சுப் பேசாமல் வரைபடத்தை மாற்றினான். நான் தேசம்மாவைத் தனியாகப் பிடித்து, "அன்னைக்கு அப்படி ஒரு போடு போட்டீங்களே!" என்றேன். "நான் இன்னா பேசினேன்னு எனக்கு எங்க ஞாபகம் இருக்குதுக்கா?" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

முதல் முதலாக விளக்குப் போட்ட சாயங்காலம் பாயசம் வைத்தார்கள். டம்ளரை வாயருகே கொண்டுபோனேன், பட்டென்று எல்லா விளக்கும் அணைந்தது. குடியிருப்பு மொத்தமும் இருட்டில் என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போது கன்னியப்பன் குரல் கேட்டது.

"விடுக்கா, இப்பத்தான் நாங்களும் மத்த ஊரு மாதிரி ஆனோம். கரண்டு போச்சுன்னு இனிமே நாங்களும் திட்டுவோமில்ல!"

திருப்பம்

மல்லிகாவுக்கு வலி எடுத்ததும் பொழுது போன பிறகுதான். கன்னியப்பன் எனக்குப் போன் செய்தான். நான் முருகா முருகா என்று ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன். போய் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஊரே நின்றது. யாரும் ரோட்டில் ஓடிப்போய்க் கைகாட்ட வேண்டியிருக்கவில்லை. ஆம்புலன்ஸ் தானாகவே வேகம் குறைத்து, உள்ளே திரும்பியது. தேசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மல்லிகாவை ஏற்றினார்கள். திருத்தணி ஆஸ்பத்திரியில் அன்றைக்கே பெண் குழந்தை, நல்ல எடை, நல்ல குரல். கரண்ட் கம்பெனிக்கு எதிராகக் கூட்டம் போட்டால் மைக் வேண்டாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. கதவைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறப்போன டிரைவர், சுற்றிலும் விளக்கு எரிகிற வீடுகளை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த ரோட்டுல எத்தினியோ வருசமா போய்கினு வந்துகினு இருக்கேன். இங்க ஒரு ஊரு இருக்குதுன்னு இன்னிக்குத்தாங்க தெரியும்."

ஆக, திட்டம் போட்டது தேசம்மா, உத்தரவு போட்டது கன்னியம்மா, ஓடினது பெரிய சார். நல்லுறவுத் தலைவராகிய நான் செய்ததெல்லாம் சரியான நேரத்தில் ஒரு டார்ச்சை எரியவிடாமல் பார்த்துக்கொண்டதுதான்.