ஸல்ஹா ரீச்சரின் மஞ்சள் தாள்

1974ஆம் ஆண்டு ஆனி மாதம், கச்சான் காற்று தெருப்புழுதியை வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நான் நீட்டிய தண்ணீர்க் கோப்பையை வாங்கிய ஸல்ஹா ரீச்சர் அதைக் குடிக்கவில்லை. கைப்பையிலிருந்து பச்சைத் தாள் துண்டொன்றை எடுத்து, தண்ணீரில் நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கோவிக்காதீங்க அக்கா. இது சிவந்தா தண்ணியில ஈயம் இருக்கு. பச்சையா இருந்தா நான் குடிப்பன்.”

பச்சையாகவே இருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

கிண்ணியாவில் பிறந்த அவர் அப்போதுதான் எங்கள் தெருவுக்குக் குடிவந்திருந்தார். பெண்கள் பாடசாலையொன்றில் இரசாயனம் கற்பித்தார். வடிதாள்களை நஞ்சறியும் மருந்தில் தோய்த்து, வெயில் படாமல் உலர்த்துவது அவருடைய ஓய்வுநேர வேலை. வெயில் படாத இடம் அவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: அலுமாரி. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த கணவர் முத்தலிப்பின் சட்டைகள் கதிரை முதுகில் தொங்கின. “கடதாசிக்குத்தான் அலுமாரி. எனக்குக் கதிரை போதும்,” என்பார் அவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

கல்யாண வீட்டுச் சர்பத்து, பாடசாலைத் தண்ணீர்த்தொட்டி, சந்திக் கடைத் தேநீர் என்று எதுவும் ரீச்சரிடம் தப்பியதில்லை. என் ஊறுகாய்ச் சாடியையும் சோதித்தார். நனைத்த தாளை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நஞ்சில்ல அக்கா. உப்புத்தான் கூட,” என்றார்.

அந்த ஆண்டு மாரியில் அவருக்கு ஒரு சறுக்கல் நேர்ந்தது. கமலாதேவி வீட்டுக் கிணற்றுநீரில் தாள் சிவந்துவிட்டது. தெருவே அக்கிணற்றைக் கைவிட்டு, மழையில் நனைந்தபடி சந்திக் குழாய்க்கு நடந்தது. கமலாதேவி புதிதாக வாங்கிய வாளியில் துத்தநாகம் பூசியிருந்தது என்பதும், ஈயத்துக்குச் சிவக்கும் அத்தாள் துத்தநாகத்துக்கும் சிவக்கும் என்பதும் பிறகுதான் தெரியவந்தன. குடையைப் பிடித்துக்கொண்டு வீடுவீடாகப் போய், “பிழை என்னில. கிணறு சுத்தம்,” என்று ரீச்சரே சொன்னார். தெரு அவரை மன்னித்தது. ஆனால் அன்றுமுதல் ‘வாளி ரீச்சர்’ என்றது.

துத்தநாகத்தின் குறுக்கீட்டைத் தடுக்கச் சயனைட்டு சேர்க்கலாம் என்றது அவருடைய பாடநூல். முத்தலிப் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான்: “சயனைட்டு முன்வாசலால வந்தா, நான் பின்வாசலால போயிடுவன்.” ரீச்சர் கொழும்புத் தோழியிடமிருந்து வேறொரு தூளை வருவித்தார். பேக்கரியில் வாங்கிய புளிப்பமிலத்தை அதனோடு கலந்து பார்த்தார். பல தாள்கள் கறுத்தன, சில கிழிந்தன. வாளித் தண்ணீருக்கு அசையாமல், ஈயம் பட்டால் மட்டும் சிவக்கும் மஞ்சள் தாளொன்று கடைசியில் அலுமாரியிலிருந்து வெளிவந்தது.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கிண்ணியாவில் வாழ்ந்த அவருடைய ராத்தா, அதாவது மூத்த சகோதரி, நஜ்முன் நிஸாவின் சின்ன மகள் ஸுல்பிகா வயிற்றுவலியால் சுருண்டுகொண்டிருந்தாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தும் குறையவில்லை. குழந்தையின் தந்தை அன்ஸார், வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைக் குசினி அடுப்பிலேயே உருக்கி வார்ப்பவர். வெளியே காற்று நெருப்பை அலைக்கழிக்குமாம். அடுப்பை மாற்றும்படி ரீச்சர் சொல்லும்போதெல்லாம், “வாளிக்கும் பயந்த ஆள்தானே மச்சி நீங்க,” என்று சிரித்துவிடுவார்.

மறு ஆண்டு சித்திரையில், மஞ்சள் தாளுடன் ரீச்சர் லோஞ்சுப் படகில் கிண்ணியாவுக்குப் போனபோது நானும் கூடப் போனேன்.

“வாளி கொண்டு வரட்டா மச்சி?” என்று வாசலிலேயே கேட்டார் அன்ஸார்.

“கொண்டு வாங்க மச்சான்.”

ரீச்சர் வாளித் தண்ணீரில் தாளை நனைத்தார். மஞ்சள் மாறவில்லை. அன்ஸாரின் சிரிப்புச் சற்றுக் குறைந்தது. ஈரத் தாளால் குசினித் தட்டைத் துடைத்தார், சிவந்தது. சோற்றுப்பானை மூடியைத் துடைத்தார், சிவந்தது. பிறகு குழந்தையின் உள்ளங்கையில் ஒரு தாளை ஒற்றினார். செவ்வரத்தம்பூவைக் கசக்கியதுபோல் நிறம் பரவியது.

“மருதோண்டியா சாச்சி?” என்று ஸுல்பிகா ஆசையோடு கேட்டாள்.

அன்ஸார் எழுந்து, உருக்கும் சட்டியையும் அச்சுகளையும் வாரிக்கொண்டுபோய்க் கடற்கரையோரம் வைத்துவிட்டு வந்தார்.

“விடிஞ்சதும் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்,” என்றார்.

“ஓம். டொக்டரிட்ட இந்தத் தாளையும் காட்டுங்க.”

தந்தையைக் கண்டதும் குழந்தை தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டினாள். அவர் பின்வாங்கிக் கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கைகளைக் கழுவினார். ரீச்சர் கொடுத்த தாளை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார், சிவந்தது. மறுபடி கழுவி, மறுபடி அழுத்தினார். இம்முறை நிறம் சற்று வெளிறியிருந்தது, ஆயினும் சிவப்புத்தான். குழந்தை நீட்டிய கைகளை இறக்கவில்லை.

ரீச்சர் புதிய தாளொன்றை விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினார்.

“ராத்தா, இன்னொரு சவுக்காரக் கட்டி தாங்க.”