நல்லா ஓடுது அக்கா

நான் தோபா ஏரிக்கரையில் பிறந்த பாத்தாக் ஆள். நாங்கள் நலம் விசாரித்தாலே வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வருவார்கள். படிக்க ஜாவாவில் இருக்கும் ஜோக்ஜா நகரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, தலையும் நரைத்துவிட்டது. ஆனால் ஜாவாக்காரர்களின் ஒரு குணம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வீடு பற்றி எரிந்தால்கூட, "கொஞ்சம் வெக்கையா இருக்கு, பரவால்ல" என்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில்தான் வெனிங் பிளாக்செயின் கட்டினாள். அவள் கிளாத்தென் ஊர் பஸ் கண்டக்டர் மகள், கல்லூரியில் என் வகுப்பு. சிங்கப்பூரில் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அங்க காசை வேகமா ஓட்டுறதுக்குத்தான் இதெல்லாம் செய்றாங்க. நம்ம சலாக் பழத்துக்கு ஒண்ணு செஞ்சா என்ன?" என்றாள். உனக்குப் பைத்தியமா என்று முகத்துக்கு நேராகக் கேட்டவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். திட்டிய நான்தான் கடைசியில் அவளோடு சேர்ந்து வேலை பார்த்தேன்.

மெராப்பி எரிமலைச் சரிவில், பாம்புத்தோல் போர்த்தியது போலிருக்கும் இந்தச் சலாக்கைப் பயிரிடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அவர்கள் தோட்டத்துப் பெயரை ஒட்டி வேறெங்கோ விளைந்த பழம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்தக் கூடை எந்தத் தோட்டத்துடையது என்று யாரும் பின்னால் திருத்த முடியாதபடி பதிய வேண்டும். பதிவு ஒரே ஆளிடம் இருந்தால் அந்த ஆளைச் சரிக்கட்டிவிடலாம். அதனால் பலருடைய கம்ப்யூட்டர்களில் வைத்து, ஒவ்வொன்றும் தானே சரிபார்த்துத் தலையாட்டினால்தான் கூடை பதிவாகும் என்று வெனிங் அமைத்தாள். அறுவடை உச்சத்தில் கூடைகள் வந்து குவியும்போது மூச்சுத் திணறாமலிருக்க, வேலையைப் பல தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினாள். ஒரு தடம் படுத்தால் அதைக் கழற்றிவிட்டு, சுமையை மற்றவற்றுக்கு மாற்றிவிடலாம். ஆனால் படுத்தது தெரிய வேண்டுமே! கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா என்பதைத் திரை பச்சை விளக்காகக் காட்டிவிடும். அது உண்மையிலேயே சரிபார்க்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்பதை அதன் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சொந்தக்காரர்களை அவள் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தாள். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பள்ளி வாத்தியார், பக்கத்து ஊரான பந்தூலில் போன் ரிப்பேர் கடை வைத்திருந்த ஜாலு. வாரம் ஒரு சாயங்காலம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தள்ளுவண்டிக் கடையில் பாய் விரித்து உட்காருவோம். பூனைச்சோறு என்கிற கையளவுப் பொட்டலம், காடை முட்டைக் குச்சி, தெம்பே என்கிற சோயா வில்லை, இஞ்சி டீ. சாப்பிடுவதற்கு முன் வெனிங் கேட்பாள்:

"யாருக்காவது பிரச்சனை இருக்கா?"

"நல்லா ஓடுது அக்கா."

பாய் முழுக்க அதே பதில். ஜாலுவும் அதையே சொல்வான், தலை நிமிராமல்.

சங்கத் தலைவர் துக்கிமான் ஐயாவைக் கூட்டிவந்து ஒத்திகை காட்டினோம். பாதியில் ஜாலுவின் கடையில் டிஸ்க் புகைந்து போனது. ஒரு கம்ப்யூட்டர் போனால் ஒன்றும் ஆகக்கூடாது. ஆனால் எங்கள் நெட்வொர்க் மொத்தமாக நின்றது. தோண்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஜாலுவைத் தவிர மற்றவர்களுடைய கம்ப்யூட்டர்கள் எப்போதோ சிக்கி நின்றிருக்கின்றன. அக்காவிடம் சொன்னால் அக்கா மனசு கஷ்டப்படும் என்று, ஆளாளுக்கு ஜாலுவிடம் போய் அவன் பதிவை நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல ஜாலுவுக்கும் வாய் வரவில்லை. இத்தனை பேர் தலையாட்டியதாகக் காட்டிய இடத்தில் சரிபார்த்தது ஒரே ஒரு போன் ரிப்பேர் கடை.

துக்கிமான் ஐயா கோபப்படவில்லை. "இன்னும் கொஞ்சம் யோசிப்போம்மா" என்றார். ஜாவாவில் அதற்கு அர்த்தம், வேண்டாம். வெனிங் அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சி, அறுவடை உச்சத்தில் ஒரே ஒரு வாய்ப்பு வாங்கி வந்தாள். அதிலும் கோட்டைவிட்டால், பதிவு மொத்தத்தையும் தன் கையிலேயே வைத்திருக்கும் பழைய ஜகார்த்தாக் கம்பெனியோடே சங்கம் தொடர்ந்துவிடும். அவள் விட்டுவிட்டு வந்த வாழ்க்கைக்கு அப்புறம் அர்த்தமே இருக்காது.

பாயில் வைத்து நான் பிடி பிடி என்று பிடித்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நின்னு போச்சுன்னு சொன்னா நாக்கு அறுந்துடுமா?"

"மன்னிச்சிருங்கண்ணே" என்றார்கள் எல்லோரும், அவ்வளவு இனிமையாக. அடுத்த வாரம் கேட்டோம். நல்லா ஓடுது அக்கா!

அன்று வண்டியில் திரும்பும்போது வெனிங் என்னைக் காய்ச்சினாள். "நீ கத்துனா அவங்க இன்னும் நல்லாப் பூசி மெழுகத்தான் கத்துக்குவாங்க."

"அப்ப கும்பிட்டுக் கேட்கவா?"

"டீ குடிக்கிறப்போ அவங்களைக் கவனிச்சியா? வட்டார அதிகாரி தொப்பையிலேர்ந்து உன் குரட்டை வரைக்கும் எல்லாத்தையும் பேசுறாங்க. சிரிப்பா சொல்லணும்னா ஜாவாக்காரன் எதையும் சொல்லிடுவான். நேரா சொல்லத்தான் வராது."

என் குரட்டை அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் சிரித்தாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் பிரச்சனை இருக்கா என்று கேட்கவேயில்லை. ஜாலுவின் செத்த டிஸ்க்கை நைலான் கயிற்றில் கோத்து, பதக்கம் மாதிரி தூக்கிக் காட்டினாள். "இந்த வாரம் யாரு ரொம்ப அழகாக் கெடுத்தது? சிரிக்க வைக்கிறவங்களுக்கு இது. வறுத்த தெம்பே ஒரு தட்டு, என் கணக்கு. முதல்ல நான் சொல்றேன்."

கயிற்றைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். "என் வீட்டுக் கம்ப்யூட்டரும் சிக்கிக்கிச்சு. இதைக் கட்டினவளே வந்து நின்னு போச்சுன்னு சொன்னா மானம் போகுமேன்னு, யாருக்கும் தெரியாம நெட்வொர்க் வழியா நானும் ஜாலுகிட்டதான் நகலெடுத்தேன்."

ஜாலு தரையைப் பார்த்தபடி சொன்னான்: "திரையில உங்க பேரைப் பார்த்துட்டு, யாரோ திருடன் அக்கா பேர்ல வந்துட்டான்னு நான் கடையைப் பூட்டிட்டேன் அக்கா."

பாய் குலுங்கியது. அப்புறம் மடை திறந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டரைச் சேர்த்தால் அது முதல் கூடையிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். எங்கள் ஆட்களின் பழைய லேப்டாப்பில் அது முடியவே முடியாது. "என் லேப்டாப் சரிபார்த்து முடிக்கிறதுக்குள்ள என் பொண்ணு காலேஜ் முடிச்சிடுவா" என்றார் வாத்தியார். அவர் பெண்ணுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. நகலெடுத்தது சோம்பலால் அல்ல, வேறு வழியில்லாமல். இதை நாங்கள் சிங்கப்பூர்ச் சர்வர்களை மனதில் வைத்து வடிவமைத்திருந்தோம். வெனிங் தெம்பேயைக் கடித்தபடி கேட்டுக்கொண்டாள். மறுநாளே அடித்தளத்தை மாற்ற உட்கார்ந்தாள். எல்லாத் தடங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு புள்ளி வரைக்கும் பழையதை நம்பலாம். அங்கிருந்து சரிபார்த்தால் போதும். பழைய லேப்டாப்பும் ஒரு மதியத்தில் தயாராகிவிடும். அதில் பாதி வரிகளைப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களே எழுதினார்கள். பதக்கம் வாராவாரம் கழுத்து மாறியது. எனக்கும் கிடைத்தது, ஏன் என்று சொல்ல மாட்டேன்.

அறுவடை நாளன்று மலைச்சரிவின் துரி கிராமத்தில் சங்கத்தின் கொட்டகை முழுக்கச் சலாக் வாசனை. வண்டிகள் வரிசையாக நிற்க, கூடைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. துக்கிமான் ஐயா வெனிங்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் பெரிய திரை. ஒரு பக்கம் தடங்கள் எல்லாம் பச்சை. மறுபக்கம் எங்கள் குழுவின் செய்திகள், எல்லோரும் பார்க்கும்படி.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், அதில் ஒரு செய்தி வந்தது. ஜாலு.

"அக்கா, என் தடம் ஓடல. பச்சை காட்டுறது பொய். உடனே என்னைக் கழட்டி விடுங்க."

ஒருவர் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லாத ஜாலு, ஊரே பார்க்கிற சுவரில் அதை எழுதியிருக்கிறான். வெனிங் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை, தடத்தைக் கழற்றினாள். மற்றத் தடங்கள் சுமையை வாங்கிக்கொண்டன. கூடைகள் நிற்கவில்லை.

துக்கிமான் ஐயா திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "கெட்டுப் போச்சாம்மா?"

மழுப்ப நூறு வழி இருந்தது. அவளும் ஜாவாக்காரிதான். "ஆமாங்கய்யா. ஒரு தடம் கெட்டுப் போச்சு" என்றாள்.

அவர் இறங்கிக்கொண்டிருந்த கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜகார்த்தாக்காரங்க எங்கிட்ட கெட்டுப் போச்சுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

வெனிங்கின் முகம் விழுந்துவிட்டது. "அவங்களோடது கெட்டதே இல்லையாய்யா?"

"தினம் கெடும்மா. சரக்கு துறைமுகத்துல அழுகுனப்புறம்தான் எங்களுக்குத் தெரியும்." அவர் எழுந்து கைலியை உதறிக்கொண்டார். "உங்களோடதே இருக்கட்டும். சங்கத்துல நான் பேசிக்கிறேன்."

அவர் வண்டிகள் பக்கம் நடந்ததும் வெனிங் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன்; பாத்தாக் ஆட்கள் நாங்கள் அதையும் சத்தமாகத்தான் செய்வோம். சுவரில் ஜாலுவின் அடுத்த செய்தி வந்து நின்றது.

"எல்லாரும் பார்க்கிற இடத்துல சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க அக்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் அடித்தாள்: "சங்கம் நம்மளையே எடுத்துக்கிச்சு ஜாலு. சாயங்காலம் வந்து உன் டிஸ்க்கைக் கழுத்துல மாட்டிக்க."